கோழிக்குஞ்சின் தீன்பை விடிந்தும் வற்றவில்லையா?

விடியத் தீன் போடுமுன் குஞ்சின் கழுத்தடியில், தின்ற தீன் தங்கும் பையைத் தடவிப் பாருங்கள். இரவு நிறைந்திருந்த தீன்பை காலையில் வெறுமையாக இருக்க வேண்டும். கல்லுப்போல இறுகியிருந்தால் அடைப்பு. வன்னியில் நெல்லுக்குப் பஞ்சமில்லை என்று சின்னக் குஞ்சுக்கும் உமியோடு போட்டால் இப்படித்தான் வரும். தீனை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரை அலகோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, விரல் நுனியால் மெதுவாகப் பிசையுங்கள். தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்கவே வேண்டாம். நீர் மூச்சுக்குழலுக்குள் போனால் குஞ்சு செத்துவிடும். பை தொளதொளத்து வாய் புளித்து மணந்தால் பூஞ்சணத் தொற்றாக இருக்கலாம். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். அப்புறம், குளிரில் நடுங்கும் குஞ்சுக்குத் தீன் செமிக்காது. மார்கழி மழைக்குக் கூட்டில் மின்குமிழ் எரியட்டும். குறுணல் கொடுப்பவர்கள், அது வயிற்றில் அரைபட, கூடவே கொஞ்சம் குறுமணலும் வையுங்கள்.