ஜார்ஜ் டவுனில் தனியாக, சிக்கனமாக: முதல் முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

முதன்முறையாகத் தனியே வெளிநாடு செல்ல விரும்புவோர் எந்த ஊர் என்று கேட்டால், மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனையே நான் சொல்வேன். 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற அதன் பழைய நகர்ப்பகுதி, வண்டியே ஏறாமல் நடந்து பார்த்துவிடக்கூடிய அளவுடையது. நடந்து பார்க்கக்கூடிய ஊரில்தான் சிக்கனம் தானாக அமையும். நான்கு இரவுகள் தங்குவதாக வைத்துக்கொண்டு, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: புறப்படும் முன்

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் 30 நாள் வரை விசா இன்றித் தங்க முடிகிறது. இச்சலுகை காலவரையறை உடையது என்பதால், பயணச்சீட்டு வாங்கும் நாளில் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மலேசிய மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசின் தளம் அன்று.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. ஜனவரியும் பிப்ரவரியும் நடப்பதற்கு உகந்தவை என்றாலும், தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் அறை கிடைப்பது அரிது. அங்குள்ள மின்செருகிகள் செவ்வக முனைகள் மூன்று கொண்ட பிரிட்டிஷ் வகை. நம் ஊர்ச் செருகி பொருந்தாது. மாற்றி ஒன்றை இங்கேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: படுக்கையை எங்கே பிடிப்பது

பயணச் செலவு முழுவதையும் தீர்மானிப்பது இந்த ஒரு முடிவுதான். என் முதல் பயணத்தில், வாடகை குறைவு என்பதற்காகக் கடற்கரைப் பகுதியான பத்து பெரிங்கியில் அறை எடுத்தேன். ஊருக்குள் வரவும் திரும்பவும் அன்றாடம் பேருந்தில் செலவான நேரமும், இரவு உணவு முடிந்து களைப்பில் அழைத்த வாடகைக் கார்களின் கட்டணமும் சேர்ந்து, வாடகையில் மிச்சம் பிடித்ததை முதல் இரண்டு நாளிலேயே விழுங்கிவிட்டன. ஆகவே லெபோ சூலியா, லெபோ முந்திரி, அர்மேனியன் தெரு ஆகியவற்றைச் சுற்றியுள்ள பழைய கடைவீடுகளில் (கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்தவை) இயங்கும் விடுதி ஒன்றில், பொது அறைப் படுக்கையைத் தேடுங்கள். நாள் ஒன்றுக்கு 30 முதல் 50 ரிங்கிட் வரை ஆகும். ஒரு ரிங்கிட் நம் பணத்தில் இருபது ரூபாய்க்குச் சற்று மேல் என்று கணக்கிட்டுக்கொண்டால் போதும். உள்ளூர்த் தமிழர்கள் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்றே சொல்வார்கள்.

பதிவு செய்யும் முன் மூன்றைக் கேளுங்கள். முதலாவது, வெளிநாட்டினரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் வீதம் வசூலிக்கப்படும் சுற்றுலா வரி, பொது அறையில் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பது. விளம்பர விலையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது. அடுத்து, பூட்டக்கூடிய பெட்டகம் உண்டா என்பது. பூட்டு உங்களுடையதாக இருக்கட்டும். கடைசியாக, கீழே அல்லது எதிரே மதுக்கூடம் இருக்கிறதா என்பது. லவ் லேன் பகுதியில் இசை நள்ளிரவு தாண்டியும் ஓயாது. பெண்களுக்கு மட்டுமான அறைகளும் பல விடுதிகளில் உண்டு.

படி 3: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

விமான நிலையம் பாயான் லெப்பாஸில், நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வெளியே வந்ததும் ரேப்பிட் பினாங்கு நிறுவனத்தின் 401-ஆம் எண் பேருந்தைத் தேடுங்கள்; அது கொம்தார் கோபுரம் வழியாக ஜெட்டி (படகுத்துறை) நிலையம் வரை செல்லும். கட்டணம் மூன்று ரிங்கிட்டைத் தாண்டாது. ஆனால் ஓட்டுநர் மீதிச் சில்லறை தரமாட்டார். பெட்டியில் இட்டது இட்டதுதான். நான் பத்து ரிங்கிட் தாளை இட்டு ஏழுக்கும் மேல் இழந்திருக்கிறேன். ஆகவே நிலையத்தினுள் ஒரு தண்ணீர்ப் புட்டி வாங்கிச் சில்லறை மாற்றிக்கொண்டு வெளியே வாருங்கள்.

கோலாலம்பூர் வழியாக வருவோர் அங்குள்ள கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் எனும் விரைவு மின்ரயில் ஏறினால், நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணத்தில், தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் உள்ள பட்டர்வொர்த்தை அடையலாம். அங்கிருந்து ஃபெர்ரிக்கு நடைபாலம் உண்டு. கடல்வழியாக, நகரத்தை எதிரே பார்த்தபடி வந்து சேர்வதைவிடச் சிறந்த வருகை எனக்குத் தெரியவில்லை.

படி 4: முதல் நாள், கால்நடையாக

வெயில் ஏறும் முன், காலை எட்டு மணிக்குள் புறப்படுங்கள். லெபோ குவீனில் 1833-இல் அமைந்த மகா மாரியம்மன் கோயிலில் தொடங்கி, ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலைக்கு வாருங்கள். தமிழ் முஸ்லிம் வணிகர் மரபில் எழுந்த பள்ளிவாசல், சீனர்களின் குவான்யின் கோயில், 1818-இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம் ஆகிய மூன்றும் அவ்வொரே சாலையை ஒட்டி நிற்கின்றன. இங்கெல்லாம் நுழைவுக்குப் பணம் இல்லை. தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். பிறகு அர்மேனியன் தெருவின் சுவரோவியங்களைப் பார்த்துக்கொண்டு, கடல்மேல் மரக்கால்களில் நிற்கும் சியூ குலத்தாரின் ஜெட்டிக்குச் செல்லுங்கள். அங்குள்ளவை இன்றும் குடும்பங்கள் வாழும் வீடுகள். வாசலில் நின்று உள்ளே படமெடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

கடைவீடுகளின் முன்னால், மாடிக்கு அடியில் செல்லும் ‘ஐந்தடிப் பாதை’ வெயிலுக்கும் மழைக்கும் காப்பு. ஆனால் மோட்டார் சைக்கிள்களும் சரக்கு மூட்டைகளும் அதை மறிக்கும் இடங்களில் சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும். அப்போது தோள்பையைச் சாலைப்பக்கம் தொங்கவிடாமல், சுவர்ப்பக்கத் தோளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கால் ஓய்ந்துவிட்டால் நகர மையத்தைச் சுற்றிவரும் கேட் பேருந்து இலவசம்.

படி 5: சாப்பாடு

மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடிப்பதே இதற்காகத்தான். காலைப் பசியாற (அங்கே காலை உணவுக்கு அதுதான் சொல்) லிட்டில் இந்தியாவில் தோசையோ, நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாயோ கிடைக்கும்.

மதியத்துக்கு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் காவடிபோல் தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற உணவு இது; ‘கண்டார்’ என்பது அந்தச் சுமைகழியைக் குறிக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் பத்துப் பதினைந்து தட்டங்கள் இருக்கும். சோற்றைப் போட்டதும் எதுவும் சொல்லாமல் நின்றால், பரிமாறுபவர் எதையாவது வைத்துவிடுவார். முதலில் ஒரு கறித் துண்டு, ஒரு காய் என்று விரலால் காட்டுங்கள். பிறகு ‘குவா சாம்போர்’ என்றால் பல குழம்புகளைக் கலந்து ஊற்றுவார். ‘பஞ்சிர்’ என்றால் சோறு மூழ்கும்படி ஊற்றுவார். மாட்டுக் குழம்பும் மீன் குழம்பும் கோழிக் குழம்பும் ஒன்றாகி, சோற்றின் ஓரத்தில் எண்ணெய் சிவந்து தேங்கும் அந்தத் தட்டுதான் இவ்வூரின் அடையாளம். பெரிய இறாலுக்கும் கணவாய்க்கும் மீன் சினைக்கும் விலை கூடுதலாக இருக்கும். அவற்றைத் தொடும் முன் ‘எவ்வளவு’ என்று கேளுங்கள், பல கடைகளில் தமிழிலேயே பதில் வரும்.

இரவில் லெபோ சூலியாவிலும் நியூ லேனிலும் அங்காடிக் கடைகள் திறக்கும். ஒருவர் மேசையைப் பிடித்து அதன் எண்ணைச் சொல்லிவிட்டால், உணவு தேடி வரும். கொண்டுவந்து வைக்கும்போது பணம் தர வேண்டும். பொது அங்காடிகளில் அமர்ந்தால் பானம் ஒன்று வாங்குவது வழக்கம். ‘கோப்பி ஓ’ என்றால் பாலில்லாத, சர்க்கரை சேர்த்த காப்பி. ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரையும் இல்லை. சைவர்களும் ஹலால் உணவு தேடுவோரும் கவனிக்க வேண்டியவை இரண்டு: புளிப்புச் சாறு ஊற்றிய நூடுல்ஸான அசாம் லக்சாவில் மீனும் இறால் விழுதும் இருக்கும், சீனக் கடைகளின் சார் குவே தியாவில் (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) பன்றிக் கொழுப்பு சேர்ப்பது மரபு.

இவ்வாறு சாப்பிட்டால் நாளுக்கு 35 ரிங்கிட் போதும். படுக்கையும் பேருந்தும் சேர்த்து 100 ரிங்கிட்டுக்குள் ஒரு நாள் அடங்கிவிடும்.

படி 6: ஒரு நாள் ஊருக்கு வெளியே

204-ஆம் எண் பேருந்து ஆயர் ஈத்தாம் வழியாகக் கொடிமலை (பினாங்கு ஹில்) அடிவாரம் செல்லும். வழியில் இறங்கி கெக் லோக் சி பௌத்தக் கோயிலைக் காணுங்கள். அதன் கோபுரம் அடியில் சீன அமைப்பும் நடுவில் தாய்லாந்து அமைப்பும் உச்சியில் பர்மிய அமைப்பும் உடையது. 1923 முதல் ஓடும் கொடிமலை ரயிலுக்கு வெளிநாட்டினர் கட்டணம் கூடுதல். நல்ல உடல்நலம் உள்ளவர்கள், 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளும் ஜீப் பாதையில் அதிகாலை ஏறி, இறங்குவதற்கு மட்டும் ஒருவழிச் சீட்டு எடுக்கலாம். பாதை செங்குத்தானது, இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். பூங்காவுக்குச் செல்லும் வழியில்தான் தண்ணீர்மலை முருகன் கோயிலும் உள்ளது.

படி 7: திரும்பும் நாள்

கொம்தாரிலோ ஜெட்டியிலோ அதே 401-ஐப் பிடியுங்கள். மாலை நெரிசலில் இப்பயணம் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும் என்பதால், விமானம் புறப்படுவதற்கு நான்கரை மணி நேரம் முன்பே நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள். பேருந்துக்கான சில்லறையை முந்தைய இரவே எண்ணிச் சட்டைப்பையில் எடுத்து வையுங்கள்.