எல்லையை ஆய்பவருக்கு ஒரு கிரேக்கப் பெயர்

எல்லைகளை ஆய்பவரை அழைக்கக் கிரேக்க வேரிலிருந்து ஒரு சொல் ஆக்க வேண்டுமா? முதலில் வேரைத் தேடுங்கள். கிரேக்கத்தில் எல்லைக்கு ‘ஹோரோஸ்’. ஏதென்ஸில் கி.மு. 500 வாக்கில் நட்ட கல்லே பேசுகிறது: “நான் அகோராவின் எல்லை.” அழகான வேர்தான். ஆனால் -ஓஸ் விகுதியைக் களைந்து, ஆய்பவரைக் குறிக்கும் ‘லாஜிஸ்ட்’ சேர்த்தால் வருவது ஹோராலஜிஸ்ட். அது ஏற்கெனவே கடிகார வல்லுநரின் பெயர். ‘ஹோரா’ என்றால் பொழுது. முதல் ஹகரத்தை விட்டால் ஓராலஜி, அதாவது மலையியல்.

லத்தீனுக்குத் தாவினால் எல்லையைக் குறிக்கும் ‘டெர்மினஸ்’ டெர்மினாலஜிக்கு, அதாவது கலைச்சொல்லியலுக்குப் போய்விட்டது. எல்லைக்கான இன்னொரு சொல்லான ‘லீமெஸ்’ வேரிலிருந்து, எல்லை ஆய்வுக்கு லிமாலஜி என்ற சொல் புழங்குகிறது. லத்தீன் பெயரின் அடியை ஆறாம் வேற்றுமையில்தான் பார்க்க வேண்டும்: லீமிட்டிஸ், அடி லீமிட்-. லிமாலஜியில் அந்த ‘இட்’ காணோம். மேலும் கிரேக்க ‘லீமோஸ்’ பசியைக் குறிக்கும். கிரேக்கம் அறிந்தவர் காதில் பஞ்ச ஆய்வு என்றே விழும்.

முன்னொட்டுதான் வழி. ‘ஹோரோஸ்’ முன் ‘இடையே’ எனப் பொருள்படும் ‘மெட்டா’வைச் சேருங்கள். ‘மெட்டா’வின் ஈற்று அகரம் கெட்டு, எஞ்சிய டகரம் ஹகரத்தோடு கலந்து மூச்சொலியாகும்: மெதோரியோஸ், ‘எல்லையில் இருப்பது’. பழங்கிரேக்கத்திலேயே உள்ள சொல். -ஓஸ் நீக்கி, இணைப்பு உயிர் ஒகரம் இட்டு, ‘லாஜிஸ்ட்’ சேருங்கள்: மெதோரியாலஜிஸ்ட். மெத்தடாலஜிஸ்ட், அதாவது முறையியல் ஆய்வாளர் என்று தவறாகப் படிக்கக்கூடும். முதன்முறை எழுதும்போது பொருளையும் அருகிலேயே கொடுத்துவிடுங்கள்.