தீர்மானம் போட்டால் மாநிலம் ஆகிவிடுமா? புதுச்சேரியில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரதி பூங்கா பக்கத்தில் இருக்கும் சட்டப்பேரவையில் மாநில அந்தஸ்து கேட்டுத் தீர்மானம் போடும்போதெல்லாம், "இந்த முறை கிடைச்சுடும்" என்று ஊர் முழுக்கப் பேச்சு கிளம்பும். ஆசை நியாயமானது. ஆனால் தீர்மானத்தையே சட்டமாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. தீர்மானம் அந்த அவையின் விருப்பத்தைப் பதிவு செய்யும், அவ்வளவுதான். டெல்லி அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. புதிய மாநிலத்தை உருவாக்கும் அதிகாரம், அரசமைப்பின் 3ஆவது பிரிவின்படி, நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு. அதற்கான மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் தாக்கல்கூடச் செய்ய முடியாது. தாக்கலாகிவிட்டால் இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மையே போதும். கோவா 1987இல் அப்படித்தான் மாநிலமானது.

நம் பேரவையைத் தமிழ்நாட்டுப் பேரவை மாதிரியே நினைப்பது அடுத்தது. கடலூர் எம்.எல்.ஏ. உட்காரும் அவைக்கு அரசமைப்பிலேயே நேரடியாக இடம் இருக்கிறது. நம் பேரவையோ நாடாளுமன்றம் 1963இல் இயற்றிய யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டத்தால் வந்தது. தேர்தலில் ஜெயித்த 30 பேரோடு மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம் என்பதும் அதன் ஏற்பாடுதான். அந்த நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டுரிமையும் உண்டு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநிலப் பட்டியலில் உள்ள, அதாவது மற்ற இடங்களில் பொதுவாக மாநிலங்களே சட்டம் போடும் விஷயங்களிலும் நாடாளுமன்றம் நமக்குச் சட்டம் போடலாம். பேரவைச் சட்டத்தோடு அது முரண்பட்டால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். என்னைக் கேட்டால், மாநில அந்தஸ்து கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

"மக்களவையில் நிறைவேறியது" என்ற செய்தியோடு சட்டம் வந்துவிட்டதாக முடிவு கட்ட வேண்டாம். மாநிலங்களவையும் ஏற்று, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும். வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டுமே பற்றிய பண மசோதா மட்டும் விலக்கு: மாநிலங்களவை அதை 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும், தடுக்க முடியாது. இரு அவைகளும் முட்டிக்கொண்டால் கூட்டுக் கூட்டம் உண்டு என்றாலும், 1961, 1978, 2002 என மூன்று முறைதான் அதில் மசோதாக்கள் நிறைவேறியிருக்கின்றன. அரசமைப்புத் திருத்தத்துக்கு அந்த வழியே கிடையாது.

ஒப்புதல் கிடைத்த அன்றே எல்லாச் சட்டமும் அமலுக்கு வருவதில்லை. சட்டத்தின் முதல் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். "மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் நாளிலிருந்து" என்று இருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2019 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. அதன் பெரும்பகுதி அமலுக்கு வந்ததோ 2020 ஜூலையில்.

"நம்ம எம்.பி. ஒரு மசோதா கொண்டுவந்தால் போதுமே" என்பார்கள். நமக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருவதைத் தனிநபர் மசோதா என்பார்கள்; அதைக் கொண்டுவர அவர்களுக்கு உரிமை உண்டுதான். ஆனால் அப்படி வந்த மசோதா கடைசியாகச் சட்டமானது 1970இல். ஆகவே அவர்களைப் பார்க்கும்போது, அரசாங்க மசோதாவாகக் கொண்டுவரச் சொல்லி உள்துறை அமைச்சகத்திடம் என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று விசாரியுங்கள்.