பம்பரமாய்ச் சுற்றிய குட்டி ஹெலிகாப்டர்

பையனுடைய ரிமோட் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பியதுமே பம்பரமாய்ச் சுற்றியது. ரிமோட்டில் திசைச் சாய்வைச் சரிசெய்யும் ட்ரிம் குமிழைக் கோடிவரை திருப்பியும் அடங்கவில்லை. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை உள்ள வகை அது. இரண்டும் எதிரெதிராகச் சுழன்று ஒன்றின் திருகுவிசையை மற்றொன்று சமன்செய்யும். ஒன்று இறுகினாலே போதும், உடல் சுற்றத் தொடங்கிவிடும். கையால் சுழற்றிப் பார்த்தேன். கீழ் இறக்கை தயங்கியது. பல்சக்கரத்துக்கு அடியில் நீளத் தலைமுடி ஒன்று இறுகச் சுருண்டு கிடந்தது. (எங்கள் வீட்டுத் தரையில் அதற்குப் பஞ்சமில்லை.) இடுக்கியால் இழுத்தெடுத்தேன். அப்புறம் இறக்கைத் திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தினேன்: பக்கவாட்டில் சாய்த்தால் இறக்கை தானாக மடங்க வேண்டும், அதுதான் அளவு. சுற்றல் நின்றது. லேசாக இடப்பக்கம் திரும்பியது மட்டும் மிச்சம். சமதரையில் வைத்து, அசைக்காமல் சுவிட்சைப் போட்டதும், உடல் திரும்புவதை உணரும் கைரோ அதையும் சரிசெய்துவிட்டது.