இதய நோய் ஆய்வில் கால் இடறும் இடங்கள்

புதிதாக ஆய்வுக்கு வருபவர்களின் அட்டவணைகளைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஒருகாலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகள், ஆள் மட்டும் மாறி, திரும்பத் திரும்ப மேசைக்கு வருகின்றன. விடுபட்ட அளவுக்கு 999 என்று போட்டுவிட்டு அதையும் சேர்த்துச் சராசரி எடுப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானே திருந்திவிடும்.

ரத்த அழுத்தத்தை அவசரத்தில் அளப்பது

வந்தவரை 5 நிமிடம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். தடித்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். இந்தப் பிழை பருமனானவர்களிடம்தான் அதிகம் நேரும் என்பதால், பருமன் பற்றிய ஆய்வையே கோணலாக்கிவிடும். கையால் அளக்கும் இடங்களில் கடைசி இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் 0வில் முடிந்தால், அளந்தவர் உத்தேசமாக எழுதியிருக்கிறார்.

கைக்குக் கிடைத்ததையெல்லாம் 'அட்ஜஸ்ட்' செய்வது

புள்ளியியல் கணக்கில் (மாடலில்) மற்ற காரணிகளையும் சேர்த்து, அவற்றின் தாக்கத்தைக் கழித்துப் பார்ப்பதைத்தான் 'அட்ஜஸ்ட்' அல்லது சரிக்கட்டுவது என்கிறோம். இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

ஓர் இளம் மருத்துவர் அண்மையில் ஒரு முடிவோடு வந்தார். "மேடம், உடல் பருமனுக்கும் மாரடைப்புக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை." மாடலில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டேன். வயது, பாலினம், புகைப்பழக்கம். சரி. பிறகு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால். "எதையும் விடவில்லை மேடம்" என்றார் பெருமையாக.

பருமன் இதயத்தைக் கெடுப்பது எந்த வழியில்? பெரும்பாலும் அந்த மூன்றின் வழியாகத்தானே! எடை கூடினால் அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன, ரத்தக் கொழுப்பு மோசமாகிறது, தமனிகள் பழுதாகின்றன. மூன்றையும் மாடலில் நிறுத்தி வைப்பது, மதகையெல்லாம் அடைத்துவிட்டு ஏரியில் தண்ணீரே இல்லை என்று அறிவிப்பது போன்றது.

ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கவனிக்கும் 97 தொடர் ஆய்வுகளில் இருந்த 18 லட்சம் பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2014இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. பருமனால் கூடும் இதயத் தமனி நோய் அபாயத்தில் ஏறத்தாழ 46 சதவீதமும், பக்கவாத அபாயத்தில் 76 சதவீதமும் இந்த மூன்றின் வழியே வருவதாக அது கணித்தது. அதிலும் ரத்த அழுத்தத்தின் பங்கே பெரிது. நம்மவர் கிட்டத்தட்ட பாதியைத் தன் கையாலேயே கழித்துவிட்டார். ஆய்வும் சிறியது, மிச்சப் பாதி கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

வயதின் கதை வேறு. வயது கூடினால் எடையும் மாறும், மாரடைப்பும் கூடும். ஆனால் எடை கூடி யாருக்கும் வயது ஏறுவதில்லை. அது குழப்பும் காரணி, சரிக்கட்டியே ஆக வேண்டும். அழுத்தம் எடைக்குப் பின்னால் வருவது, இடைக் காரணி. மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, போட்டதையெல்லாம் விழுங்கும். அதனால்தான் தரவுக் கோப்பைத் திறப்பதற்கு முன்பே, எது எதை உண்டாக்குகிறது என்று காகிதத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டச் சொல்கிறேன். 'அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தபிறகும் பருமன் எவ்வளவு கெடுக்கும்?' என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் மூன்றையும் போடலாம். ஆனால் அது வேறு கேள்வி, தலைப்பிலேயே அப்படிச் சொல்லிவிடுங்கள்.

கொடுமை என்னவென்றால், மதிப்புரையாளர்களே சில சமயம் "ரத்த அழுத்தத்துக்கும் அட்ஜஸ்ட் செய்க" என்று எழுதி அனுப்புகிறார்கள். பணிந்துபோனால் கட்டுரை அச்சாகிவிடும். எடை ஒன்றும் செய்யாது என்று நோயாளியிடம் சொல்ல யாருக்கோ ஓர் ஆதாரமும் கிடைத்துவிடும். மறுத்து எழுதுங்கள்.

அடையாளத்தைக் காரணம் என்று நம்புவது

'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். கூடியவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. அதைக் கூட்ட டார்செட்ராபிப் என்ற மருந்து வந்தது. 15,000 பேருக்கு மேல் பங்கேற்ற சோதனையில் எச்.டி.எல். 72 சதவீதம் ஏறியது. மருந்து எடுத்தவர்களில் இறப்பும் கூடியது. 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்தினார்கள். அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது, ஆகவே பழி முழுவதையும் எச்.டி.எல். தலையில் கட்ட முடியாது. ஆனால் பிறவியிலேயே எச்.டி.எல்.லை உயர்த்தும் ஒரு மரபணு வேறுபாடு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை என்று 2012இல் தெரிந்தது. தொடர் ஆய்வு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 'இதைக் கூட்டினால் தடுக்கலாம்' என்று முடிவுரையில் எழுதுபவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டு எழுதட்டும்.

'அபாயம் 50 சதவீதம் குறைகிறது'

ஆயிரத்தில் 20 பேர் 10 ஆனார்களா, 2 பேர் 1 ஆனார்களா? அதையும் எழுதுங்கள்.

புகையை விட்டவரையும் தொடாதவரையும் ஒரே பிரிவில் போடுவது

வேண்டாம். நெஞ்சுவலி வந்தபிறகு விட்டவர்கள் அதில் நிறையப் பேர்.

தொடர்பு அறுந்தவர்களை மறப்பது

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் நடந்த இதய நோய் ஆய்வு 1948இல் தொடங்கி, 5,209 பேரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துப் பரிசோதித்தது. அதற்குக் கிடைத்த மதிப்பில் பாதி இந்த விடாப்பிடியால் வந்தது. மறுபரிசோதனைக்கு வராதவர்களில் இறந்தவர்களும் படுக்கையில் விழுந்தவர்களும் இருப்பார்கள். அவர்களை நீக்கிவிட்டு எஞ்சியவர்களை மட்டும் எண்ணினால் எந்த அபாயக் காரணியும் சாதுவாகத்தான் தெரியும். பெயர் பதியும் முதல் நாளே உறவினர் இருவரின் தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள். இறப்புப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைக்குமா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.