கிராம சபையில் கணக்குக் கேட்பது எப்படி? ஆர்.டி.ஐ மனு முதல் தீர்மானப் புத்தகம் வரை

எங்கள் தெருவில் கட்டிய வடிகால் கடைசி நாலு வீட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பணி முடிந்ததாகப் பலகையும் வைத்துவிட்டார்கள். இரண்டு கிராம சபைகளில் எழுந்து கேட்டேன். "பார்க்கலாம்மா, உட்காருங்க" என்பதுதான் பதில். மூன்றாவது கூட்டத்துக்குக் கையில் தாள்களோடு போனேன். அன்றைக்குத்தான் தீர்மானம் எழுதினார்கள். அந்தத் தாள்களை வாங்கிய வழி இது.

1. முதலில் கூட்டத் தேதி

தமிழ்நாட்டில் வருடத்துக்கு 6 கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ) கீழ் போடும் மனுவுக்குப் பதில் தர 30 நாள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள். தபாலுக்கும் சேர்த்து 75 நாள் வையுங்கள். அக்டோபர் 2 கூட்டம் என்றால் ஜூலை நடுவில் மனு போயிருக்க வேண்டும்.

2. மனு

வெள்ளைத்தாள் போதும். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம் என்று முகவரியிடுங்கள். உரியவர் வேறு அலுவலர் என்றால் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் அவருக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை. எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதவே வேண்டாம். 6(2) பிரிவு அதைக் கேட்கவே கூடாது என்கிறது.

நான் ஸ்பீட் போஸ்ட்டில்தான் அனுப்புவேன். நேரில் கொடுத்தால் முத்திரை போட்ட நகலுக்குக் காத்திருக்க வேண்டும், தெரிந்தவர்கள் சமாதானம் பேச வருவார்கள். தபால் என்றால் சேர்ந்த தேதி இணையத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை அன்றே அச்செடுத்து வையுங்கள். மேல்முறையீட்டில் அதுதான் பேசும்.

3. கேள்வி கேட்காதீர்கள், காகிதம் கேளுங்கள்

எனக்கு மூன்று மாதம் வீணானது இங்கேதான். முதல் மனுவில் இப்படி எழுதியிருந்தேன்: "வடிகால் ஏன் பாதியில் நிற்கிறது? இதற்கு யார் பொறுப்பு?" விளக்கம் கோருவது சட்டப்படி தகவல் ஆகாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. கோபமாக வந்தது. ஆனால் சட்டத்தைப் படித்துப் பார்த்தால், ஆவணமாக ஏற்கெனவே இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும். "ஏன்" என்பதற்கு எந்தக் கோப்பிலும் தாள் இருக்காது.

இரண்டாவது மனு இப்படிப் போனது: "மேற்படி வடிகால் பணிக்கான நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், பணம் வழங்கிய வவுச்சர் ஆகியவற்றின் சான்றொப்பமிட்ட நகல்கள் தேவை." தெருவின் பெயர், நிதியாண்டு இரண்டையும் மறக்காதீர்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வரும், கட்டிவிடுங்கள்.

இதில் எம்-புக் என்று எல்லாரும் சொல்கிற அளவுப் புத்தகம்தான் உயிர். மதிப்பீடு என்பது திட்டம் மட்டும். வேலை முடிந்தபின் பொறியாளர் அளந்து எழுதுவதும் பில் பாஸ் ஆவதும் எம்-புக்கை வைத்துத்தான். எங்கள் தெருவுக்கான பக்கத்தில் நீளம் என்ற கட்டத்தில் 62 மீட்டர் என்று நீல மையில் இருந்தது. மறுநாள் காலை எதிர்வீட்டு அண்ணனை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி நான் அளந்தேன். 47 மீட்டர். நிச்சயப்படுத்திக்கொள்ள மூன்று தடவை அளந்தோம்.

4. கூட்டத்தில்

யாரையும் திருடன் என்று சொல்லாதீர்கள். சொன்ன நிமிடத்தில் பேச்சு வடிகாலை விட்டுவிட்டு மரியாதைக்குப் போய்விடும். தாளைச் சத்தமாக வாசியுங்கள், அவ்வளவுதான். ராஜஸ்தானில் 1994-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய ஜன் சுன்வாய் (மக்கள் விசாரணை) கூட்டங்களில் செய்தது இதைத்தான். வேலைப் பதிவேட்டையும் பில்லையும் ஊர் நடுவில் வாசித்தார்கள். அதில் பெயர் இருந்தவர்களே எழுந்து, நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்றார்கள். 2005-இல் வந்த ஆர்.டி.ஐ சட்டத்துக்கு வேர் அங்கேதான்.

நான் 62 என்று வாசித்ததும் என் அளவைச் சொல்லவில்லை. "வேண்டுமானால் இப்போதே போய் அளக்கலாம், டேப் இருக்கிறது" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் எழுந்துவிட்டார்கள்.

5. தீர்மானம்

வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்: "மேற்படி பணியை மறு அளவீடு செய்து அடுத்த கிராம சபையில் அறிக்கை வைக்குமாறு வட்டார வளர்ச்சி அலுவலரை இச்சபை கேட்டுக்கொள்கிறது." ஊராட்சிச் செயலர் அதைப் புத்தகத்தில் எழுதும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். வந்ததும் வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கடைசி வரி எழுதி முடிந்தபின், அதற்கு நேர் கீழே, இடைவெளி விடாமல் போடுங்கள். பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மனு போட்ட இருவருக்கு, நகல் எடுக்க ஆள் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் 2(ஜே) பிரிவின்படி நேரில் பார்வையிடக் கேளுங்கள். முதல் ஒரு மணி நேரம் கட்டணம் கிடையாது, குறிப்பும் எடுக்கலாம்.

இன்னொருவர் வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியல் கேட்டிருக்கிறார். தனிநபர் தகவல் என்று மறுத்திருக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவலைத் தர மறுக்க இடம் கொடுக்கும் ஆர்.டி.ஐ சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் இருந்த பொதுநல விதிவிலக்கை எடுத்துவிட்டது. பொதுப்பணம் யாருக்குப் போனது என்று கேட்பவர்களுக்கு இது பெரிய அடி என்றே நினைக்கிறேன். ஆனால் 8(2) இருக்கிறது: பொதுநலன் மேலோங்கினால் தரலாம். மேல்முறையீட்டில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள்.

எங்கள் தெருவில் மறு அளவீடு நடந்துவிட்டது. அறிக்கையின் நகலுக்கு மனு போட்டிருக்கிறேன். வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.