12 டிகிரி தண்ணில கூட்டாளிகளோட: மான்டரேல ஸ்கூபா போறது எப்படி

பாண்டிச்சேரிலயோ அந்தமான்லயோ ஸ்கூபா கோர்ஸ் முடிச்சிட்டு, ஓப்பன் வாட்டர் கார்டு (ஆரம்ப லெவல் டைவிங் சர்டிபிகேட்) இருக்கேங்கிற தைரியத்துல கலிபோர்னியா மான்டரே கடல்ல எறங்கினா என்ன ஆகும்? நான் அப்படித்தான் எறங்கினேன். மூஞ்சில தண்ணி பட்டதும் மூச்சு விடவும் முடியல இழுக்கவும் முடியல, நெத்தில ஐஸ் கட்டிய வெச்சு அழுத்துன மாதிரி ஒரு வலி, ரெண்டு நிமிஷத்துல "போதும்டா சாமி"ன்னு கரைக்கு வந்துட்டேன். நான் தூத்துக்குடி பக்கம், கடல பாத்தே வளந்தவன். ஆனா அங்க தண்ணி 28 டிகிரி இருக்கும், இங்க வருஷம் பூரா 10ல இருந்து 15க்குள்ளதான். காத்த விட தண்ணி ஒடம்பு சூட்ட கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமா உறிஞ்சும், அதனால 12 டிகிரி ஏசி ரூம்ல உக்காந்திருக்கறதயும் 12 டிகிரி தண்ணில கெடக்கறதயும் ஒண்ணா நெனைச்சுக்காதீங்க.

அதுக்கப்பறம் எங்க செட்டு அஞ்சு பேரும் சான் ஹோசேல இருந்து சனிக்கிழமை காலைல கெளம்பி போறதும் வர்றதுமா நெறைய டைவ் பண்ணியாச்சு, நெறைய தப்பும் பண்ணியாச்சு. புதுசா போறவங்க அதே தப்ப மறுபடி பண்ண வேணாமேன்னுதான் இத எழுதுறேன். கோர்ஸ் இன்னும் முடிக்கலன்னா மொதல்ல அத முடிங்க. 200 மீட்டர் நீஞ்சணும், பத்து நிமிஷம் மிதக்கணும், நீஞ்சறதுக்கு டைம் லிமிட் கெடையாது, நம்ம ஆளுங்க நெறைய பேர் இதுக்கு பயந்துதான் போறதே இல்ல. முடிஞ்சா அந்த கோர்ஸையே இந்த குளிர் தண்ணில முடிச்சிடுங்க, அப்பறம் எந்த கடலும் ஈஸியா தெரியும்.

எப்ப போறது? எல்லாரும் சம்மர்ல கெளம்புறாங்க, ஆனா இங்க நல்ல சீசன் செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும்தான். காரணம் என்னன்னா, வசந்தத்துலயும் கோடைலயும் வடமேற்குக் காத்து மேல்தண்ணிய கரைல இருந்து தள்ளிட்டு போயிடும், அந்த எடத்துக்கு அடில இருந்து சில்லுனு சத்து நெறைஞ்ச தண்ணி ஏறி வரும். அந்த சத்த தின்னு நுண்பாசி பெருகி தண்ணி பச்சப்பசேல்னு பட்டாணி சூப் மாதிரி ஆயிடும், சில நாள் நீட்டுன கை கூட தெரியாது. கடல்ல இருக்க கிட்டத்தட்ட அத்தன உசுருக்கும் சோறு போடுறதே அந்த பாசிதான், அதனால திட்டவும் மனசு வராது. காத்து தணிஞ்சு இலையுதிர் காலம் வந்துச்சுன்னா 30, 40 அடி தூரம் தெளிவா தெரியற நாள்லாம் கெடைக்கும்.

வெயில் அடிக்குதான்னு பாக்காதீங்க, அலை என்னன்னு பாருங்க. மான்டரேக்கு வெளிய கடல்ல 46042ன்னு ஒரு மிதவை இருக்கு, அலை உயரம், எத்தன செகண்டுக்கு ஒரு அலை, காத்து, தண்ணி சூடு எல்லாம் நெட்ல வந்துட்டே இருக்கும். நம்மாளுங்க உயரத்த மட்டும் பாத்துட்டு "நாலு அடிதானே மச்சி"ன்னு கெளம்பிடுவாங்க. செகண்டு கணக்குதான் விஷயமே. நாலு அடி அலை 8 செகண்டுக்கு ஒண்ணு வந்தா சும்மா சலசலப்பு, அதே நாலு அடி 16 செகண்டுக்கு ஒண்ணு வருதுன்னா ரொம்ப தூரத்துல இருந்து பலத்தோட வர்ற அலை, கரைகிட்ட வந்ததும் எந்திரிச்சு நின்னு அடிக்கும். மதியத்துக்கு மேல காத்தும் கெளம்பிடும், அதனால காலைல 7 மணிக்கு பார்க்கிங்ல இருக்கற மாதிரி கெளம்புங்க. லேட்டா போனா பார்க்கிங்கும் கெடைக்காது, சனி ஞாயிறு கோர்ஸ் எடுக்கறவங்க கூட்டமே பாதி எடத்த அடைச்சிடும்.

மொதல் டைவுக்கு பிரேக்வாட்டர் தவிர வேற எடம் யோசிக்கவே வேணாம். சான் கார்லோஸ் பீச்னு போட்டிருக்கும், டைவர்ஸ் எல்லாம் பிரேக்வாட்டர்னுதான் சொல்வாங்க. கடல பாத்து நின்னா வலது பக்கம் பெரிய பாறாங்கல் சுவர் நீண்டு போகும், அந்த சுவர வலது கைப் பக்கம் வெச்சுட்டு போங்க, திரும்பறப்ப எடது கைப் பக்கம் வெச்சுக்கோங்க, வழி தப்பவே தப்பாது. சுவர் முடியற பக்கம் கடல்சிங்கம் கூட்டமா படுத்து கத்திட்டு கெடக்கும், நாத்தம் கரைக்கே வரும், தண்ணிக்குள்ள நம்மள சுத்தி சுத்தி வந்து வெளாடும். நீங்களா தொரத்திட்டு போகாதீங்க, தொடாதீங்க. கடல் பாலூட்டிகள தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு 1972லயே சட்டம் போட்டுட்டாங்க, நீர்நாய்க்கும் அதேதான், அது முதுகுப்பக்கமா மிதந்துட்டு கல்லுல சிப்பிய ஒடைச்சு திங்கறத தூர இருந்து பாத்தாலே போதும்.

ரெண்டு மூணு டைவ் ஆனப்பறம் அதே பீச்ல எடது பக்கமா தள்ளிப் போனா கடலடில பழைய குழாய் ஒண்ணு போகுது, அத புடிச்சுட்டே போனா மெட்ரீடியம் வயல். ஆள் இடுப்பு உயரத்துக்கு வெள்ளவெளேர்னு கடல் அனிமோன், பாறை முழுக்க காலிபிளவர் நட்டு வெச்ச மாதிரி இருக்கும். ஆழம் சுமார் 50 அடி வரும், காம்பஸ் பாக்க பழகிட்டு போங்க. பாயின்ட் லோபோஸ் இன்னும் அழகு, ஆனா முன்கூட்டியே புக் பண்ணணும், டைவ் கார்டு காட்டணும், ஒரு நாளைக்கு இத்தன பேர்தான்னு கணக்கு இருக்கு.

கார்மல் பக்கத்துல மோனாஸ்டரி பீச்னு ஒண்ணு இருக்கு. போட்டோல பாத்தா சொர்க்கம். உள்ளூர்ல அதுக்கு பொணவறை பீச்னு பட்டப்பேரு, சும்மா வெக்கல. மணல் பரு பருன்னு சரிவா எறங்கும், கால் நிக்காது, கரையிலயே அலை ஒடையும். எங்க செட்ல ஒருத்தன் அன்னிக்கு கரையில நின்னு "எனக்கு என்னமோ சரியாப் படல"ன்னான். நாங்க விடல, "பயந்தாங்கொள்ளி, ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தது இதுக்கா"ன்னு ஏத்தி விட்டோம், அவனும் எறங்கிட்டான். முழங்கால் தண்ணில ஒரு அலை கவுத்துச்சு, எந்திரிக்கறதுக்குள்ள அடுத்தது, மாஸ்க் போச்சு, கால்ல மாட்டற துடுப்பு, அதான் ஃபின், அதுல ஒண்ணு போச்சு, வாய் நெறைய மணலோட நாலு கால்ல தவழ்ந்து வந்தான். அன்னிக்கு நாங்க ஒரு சட்டம் போட்டோம்: யாரு எப்ப வேணாம்னு சொன்னாலும் டைவ் கேன்சல், கரையிலயா இருந்தாலும் சரி அம்பது அடி ஆழத்துலயா இருந்தாலும் சரி, ஏன்னு கேக்கக்கூடாது, வண்டில திரும்பறப்ப கலாய்க்கவும் கூடாது. கூட்டாளிங்களோட டைவ் போறதுல இருக்க ஒரே பெரிய ஆபத்து வெக்கம்தான்னு நான் சொல்வேன், முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட ஈஸியா முடியாதுன்னு சொல்லிடுவோம், கூட்டாளிகிட்ட வாய் வராது.

சரி, சாமான். 7 மில்லிமீட்டர் தடிமன்ல வெட்சூட் (ரப்பர் உடுப்பு), தலைக்கு ஹுட், கைக்கு கிளவுஸ், காலுக்கு பூட்ஸ், இதுல எதையும் விடாதீங்க, முக்கியமா ஹுட். வாடகைக்கே எல்லாம் கெடைக்கும், மொதல் வருஷம் எதையும் வாங்காதீங்க. சூட் இறுக்கமா இருக்கணும், தொளதொளன்னு இருந்தா தண்ணி உள்ள பூந்து பூந்து சூட்ட கொண்டு போயிடும். ஆனா கழுத்து நெரியற அளவுக்கு வேணாம், ஒரு வாடகை கடைல எனக்கு ஒரு சைஸ் சின்ன ஹுட்ட குடுத்து விட்டுட்டாங்க, தண்ணிக்குள்ள தலை சுத்திட்டே இருந்துச்சு, பயம்னு நெனைச்சுட்டேன், கடைசில பாத்தா ஹுட். ட்ரைசூட் போட்டா தண்ணி ஒடம்புல படாது, சுகம்தான், ஆனா விலை ஜாஸ்தி, தனியா ட்ரெயினிங்கும் எடுக்கணும். அடிக்கடி போவோம்னு தெரிஞ்சப்பறம் யோசிங்க.

இங்க எல்லாரும் பண்ற ஒரு வேலை சொல்றேன். பெரிய பிளாஸ்க்ல வெதுவெதுன்னு சுடுதண்ணி கொண்டு போயிடுங்க, எறங்கறதுக்கு முன்னாடி கிளவுஸுக்குள்ளயும் சூட் கழுத்து வழியாவும் ஊத்திக்கோங்க. அந்த மொதல் அஞ்சு நிமிஷம் வாழ்க்கையே மாறிடும். கொதிக்க கொதிக்க ஊத்திடாதீங்க, வெந்துடும். இன்னொரு பிளாஸ்க்ல ரசம், அது டைவ் முடிஞ்சு குடிக்க, ரெண்டையும் மாத்தி ஊத்துன ஆளும் எங்க செட்ல இருக்கான்.

எடைதான் எல்லாரும் சறுக்கற எடம். தடி வெட்சூட் அப்படியே மிதக்கும், ஊர்ல எனக்கு 8 பவுண்ட் ஈயம் போதும், இங்க 24 பவுண்ட். பிசிடில (காத்து அடைச்சு மிதக்கற ஜாக்கெட்) காத்த பூரா வெளிய விட்டுட்டு, சாதாரணமா மூச்ச புடிச்சு நின்னா தண்ணி கண்ணு மட்டத்துல நிக்கணும், மூச்ச விட்டா மெதுவா முங்கணும், அதான் சரியான எடை. டேங்க் ஃபுல்லா இருக்கறப்ப இத பாத்தீங்கன்னா இன்னும் 5 பவுண்ட் சேத்துக்கோங்க, ஏன்னா அலுமினியம் டேங்க் காலியாக ஆக லேசாகி கடைசில மேல இழுக்கும், அப்ப 15 அடில சேஃப்டி ஸ்டாப் (மேல வர்ற வழில மூணு நிமிஷம் நிக்கறது) நிக்க முடியாம பந்து மாதிரி மேல போயிடுவீங்க. இன்னொண்ணு, 33 அடில அழுத்தம் ரெண்டு மடங்கு, சூட்ல இருக்க காத்துக்குமிழ் எல்லாம் நசுங்கி சூட் மெலிஞ்சிடும், குளிரும் ஏறும், நீங்களும் கல்லு மாதிரி கீழ போக ஆரம்பிப்பீங்க. பிசிடில கொஞ்சம் கொஞ்சமா காத்து சேத்துட்டே போங்க, மேல வர்றப்ப அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டே வாங்க.

அஞ்சு பேர் போனா அஞ்சு பேரும் ஒண்ணா டைவ் பண்ணாதீங்க, பச்சத் தண்ணில யாரு எங்கன்னே தெரியாது. ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சுக்கோங்க, மிச்சம் ஒருத்தர் கரையில இருக்கட்டும். எத்தன அடி, எத்தன நிமிஷம், எந்தப் பக்கம், எவ்ளோ காத்து இருக்கறப்ப திரும்பறதுன்னு கரையிலயே பேசிடுங்க. டேங்க்ல காத்தழுத்தம் 3000 பிஎஸ்ஐல ஆரம்பிச்சா நாங்க 1800 வந்ததும் திரும்பிடுவோம், ரெண்டு பேர்ல யாருக்கு மொதல்ல 1800 வருதோ அதான் கணக்கு. குளிர்ல மூச்சு அதிகமா வாங்கும், ஊர் கணக்கு இங்க செல்லாது. துணை ஆள் காணோம்னா ஒரு நிமிஷம் சுத்தி தேடுங்க, இல்லன்னா மெதுவா மேல வந்துடுங்க, அவரும் அதேதான் பண்ணுவாரு. கட்டைவிரல தூக்கினா "மேல போலாம்"னு அர்த்தம், சூப்பர்னு அர்த்தம் இல்ல, பெரிய மீன பாத்த சந்தோஷத்துல கட்டைவிரல தூக்கி ஒரு நல்ல டைவ பாதில முடிச்சவன் நான்தான். நம்ம ஊர் தலையாட்டலும் வேணாம், ஆமாவா இல்லையான்னு மேலயே புரியாது.

எறங்கறப்ப அவசரப்படாதீங்க. சாமான் மாட்டறதுக்கு முன்னாடி பத்து பதினஞ்சு நிமிஷம் அலைய பாத்துட்டே நில்லுங்க. பெரிய அலைங்க நாலஞ்சு சேந்து ஒரு கூட்டமா வரும், அப்பறம் கொஞ்ச நேரம் அடங்கும், அந்த அடங்கற நேரத்துலதான் போகணும். மாஸ்க் மூஞ்சில, ரெகுலேட்டர் (டேங்க் காத்த மூச்சுக்கு குடுக்கற கருவி) வாயில, பிசிடில கொஞ்சம் காத்து. இடுப்பு தண்ணி வரைக்கும் கால தேச்சு தேச்சு நடந்து போய், ஒருத்தர் தோள ஒருத்தர் புடிச்சுட்டு ஃபின்ஸ் மாட்டி, கெளம்பிடுங்க. அலை ஒடையற எடத்துல நின்னு பேசிட்டு இருக்காதீங்க. ஆழம் வந்ததும் மூஞ்சிய தண்ணில வெச்சு ரெண்டு நிமிஷம் சும்மா மூச்சு விடுங்க, அந்த மொத அதிர்ச்சி தானா அடங்கிடும், அடங்காம கீழ போகாதீங்க.

கெல்ப் காடு பத்தி சொல்லியே ஆகணும். 40, 50 அடி ஆழத்துல இருந்து மேல் வரைக்கும் நிக்கற பாசி மரம், நல்ல வாட்டம் இருந்தா ஒரு நாளைக்கு ரெண்டு அடி வளரும். வெயில் மேல இருந்து எலை நடுவுல எறங்கறப்ப கோயில் மண்டபத்துல தூணுக்கு நடுவுல பறக்கற மாதிரி இருக்கும். 2013ல, கடல் முள்ளெலிய தின்னுட்டு இருந்த நட்சத்திர மீனுக்கு ஒரு நோய் வந்து கூட்டங்கூட்டமா செத்துச்சு, அப்பறம் 2014ல இருந்து 2016 வரைக்கும் தண்ணியும் சூடாச்சு, மூக்கணாங்கயிறு இல்லாத மாடு மாதிரி கடல் முள்ளெலிங்க கெளம்பி பாசிய மொட்டையடிச்சிடுச்சு, அதனால பழைய ஆளுங்க சொல்ற அளவுக்கு அடர்த்தி இப்ப நெறைய எடத்துல இல்ல. இருக்கற எடத்துல மாட்டிக்கிட்டா திமிறாதீங்க, சுத்தாதீங்க, சுத்த சுத்த இன்னும் இறுகும். நில்லுங்க, துணை ஆள கூப்பிடுங்க, தண்ட வெண்டைக்காய் ஒடைக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் மடக்கினா படக்குனு ஒடையும், இழுத்தா அறாது. பிரஷர் கேஜ், டார்ச், எதுவும் தொங்கிட்டு இருக்கக்கூடாது. மேல கெல்ப் பாய் மாதிரி விரிஞ்சு கெடந்தா அடிலயே வெளிய வந்துடணும், அதுக்காகத்தான் 1800லயே திரும்ப சொன்னேன். காத்து தீந்து போய் மேல வந்தா கெல்ப் மேல தவழ்ந்துதான் வரணும், நாய் படாத பாடு.

எப்ப மேல வரணும்னு கேட்டா, வெரல பாருங்க. கட்டைவிரலும் சுண்டுவிரலும் தொட முடியலன்னாலோ பிசிடி பட்டன தடவி தடவி தேடறீங்கன்னாலோ டைவ் முடிஞ்சிடுச்சு, காத்து எவ்ளோ இருந்தாலும் சரி. நடுங்க ஆரம்பிச்சப்பறம்னு வெயிட் பண்ணாதீங்க. நிமிஷத்துக்கு 30 அடிக்கு மேல வேகம் வேணாம், 15 அடில மூணு நிமிஷம் நில்லுங்க, ஒரு கைய தலைக்கு மேல தூக்கிட்டு அண்ணாந்து பாத்துட்டே வாங்க.

கரையேறறப்பவும் ரெகுலேட்டர் வாயிலயே இருக்கட்டும், தள்ளிவிட்டா வெக்கப்படாம தவழுங்க. மொதல்ல ஹுட்ட கழட்டி தலைய தொவட்டி குல்லா போடுங்க, அப்பறம் ரசம். கொதிக்கற தண்ணில உடனே குளிக்கறத கொஞ்சம் தள்ளிப்போடுங்க. மறுநாள் ஃப்ளைட் இருந்தா ஒரு டைவுக்கு 12 மணி நேரம், ரெண்டு மூணு டைவுன்னா 18 மணி நேரம் கேப் வேணும். மூட்டு வலி, மரத்து போறது, தலை சுத்தறது இருந்தா "குளிர்தான்"னு தூங்கிடாதீங்க, 911 கூப்பிட்டு டைவ் பண்ணோம்னு சொல்லிடுங்க.

வீட்டுக்கு வந்ததும் எல்லாத்தையும் பாத்டப்ல நல்ல தண்ணில அலசி, சூட்ட உள்பக்கம் வெளிய திருப்பி நெழல்ல காயப்போடுங்க. ஒரு தடவ அலசாம டிக்கில விட்டுட்டேன், சூட்டுக்குள்ள எல்லாரும் என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும், செவ்வாய்க்கிழமை வரைக்கும் வீட்டம்மா வண்டில ஏறல.